பெங்களூரு–சேலம்: தொலைவை நேரமாக மாற்றும்போது

பெங்களூருவுக்கும் சேலத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான் என்றாலும், ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அது சுமார் 200 கிலோமீட்டராகிறது. ஆகவே இணையத்தில் தொலைவைத் தேடுவோர், கிடைத்த எண் வான்வழிக் கணக்கா, சாலைக் கணக்கா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரில் நான்கு மணி நேரம் என்பது நியாயமான மதிப்பீடு. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் புறப்பட்டால், எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து அத்திப்பள்ளியை அடைவதற்குள்ளேயே அந்தக் கணக்கு பொய்த்துவிடும். விடியற்காலைப் பயணமே என் பரிந்துரை. தொப்பூர் கணவாயில் சேலத்தை நோக்கிச் சாலை நெடுந்தூரம் இறங்குவதாலும், பாரம் ஏற்றிய லாரிகள் அங்கே பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளாவது உண்டு என்பதாலும், வேகத்தைக் குறைத்து, குறைந்த கியரில் இறங்குவதே முறை.

ஏற்காடு செல்வோர், சேலத்திலிருந்து மேலும் 30 கிலோமீட்டர்தானே என்று அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப்பாதைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். கோடை விழாக் காலத்தில் அதுவும் போதாது.