அலுவலகச் சத்தத்துக்கு ஒரு விளக்கு: செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பதினைந்து பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடத்தில் சத்தம் ஒரேயடியாகக் கிளம்புவதில்லை. ஒருவர் போனை ஸ்பீக்கரில் போடுவார். பக்கத்து மேசைக்காரர் பேசுவது எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. அவர் குரலைச் சற்று உயர்த்துவார். அதைத் தாண்டிப் பேச மூன்றாமவர் இன்னும் கொஞ்சம் உயர்த்துவார். அரை மணி நேரத்தில் கூடமே சந்தைக்கடை ஆகிவிடும். கத்தியது யார் என்று கேட்டால் யாரும் இல்லை, உண்மையிலேயே யாரும் இல்லை. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்று எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே எழுதிவைத்தார். அவர் பெயரால் இதை லொம்பார் விளைவு என்கிறார்கள்.

அறியாமல் செய்வதைக் கண்ணுக்குக் காட்டினால் பெரும்பாலோர் தாமே குறைத்துக்கொள்வார்கள். சத்தத்துக்கு ஏற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறும் விளக்கின் வேலை அவ்வளவுதான். டென்மார்க்கின் சவுண்ட்இயர் நிறுவனம் காது வடிவில் இப்படி ஒன்றை விற்கிறது. நாமே செய்யவும் முடியும்: ஒரு மைக், ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு, சில எல்இடி போதும். நான் செய்தவற்றில் மூன்றாவதுதான் இன்றும் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. முதல் இரண்டும் ஏன் தேறவில்லை என்பதைச் சொன்னால் உங்களுக்குச் சில வாரங்கள் மிச்சமாகும்.

திருப்பி அடிக்கும் கருவி வேண்டாம்

இந்த வேலையில் இறங்கும் பலருக்கும் முதலில் தோன்றுவது பஸ்ஸர். சத்தம் அளவைத் தாண்டினால் பீப் என்று அடிக்கட்டும் என்று நினைப்பார்கள். சத்தத்தைக் குறைக்க இன்னொரு சத்தம் எழுப்பினால் என்ன ஆகும் என்று லொம்பார் சொல்லிவிட்டார்: பேசுகிறவர் பீப்பையும் தாண்டிப் பேசுவார். போதாக்குறைக்கு, அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேரையும் அந்தப் பீப் கலைத்துவிடும்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழிகளும் உண்டு. ஜப்பானில் கசுடாகா குரிஹாரா, கோஜி ட்சுகடா என்ற இருவர் 'ஸ்பீச்ஜாமர்' என்ற கருவியைச் செய்தார்கள். பேசுகிறவரின் குரலையே வாங்கி, ஏறக்குறைய 0.2 வினாடி தாமதமாக அவரை நோக்கியே ஒலிக்கும். தன் குரலே பிந்திக் கேட்டால் நாக்கு தடுமாறி, பேச்சு நின்றுபோகும். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2012-ல் இதற்குக் கிடைத்தது. பிரிட்டனில் ஹோவர்ட் ஸ்டேப்பிள்டன் செய்த 'மஸ்கிட்டோ' இளைஞர்களின் காதுக்கு மட்டும் எட்டும் உயர்ந்த அதிர்வெண்ணில் கீச்சிட்டு அவர்களை விரட்டும். ஆராய்ச்சியாகப் படிக்க இரண்டும் சுவாரசியமானவைதான். ஆனால் தினமும் ஒன்றாக டீ குடிக்கும் மனிதர்கள்மேல் இவற்றைத் திருப்புவது அநியாயம். திக்கிப் பேசும் ஒருவரும், காதுக்குள் ஏற்கெனவே இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரும் அந்தக் கூடத்தில் இருக்கலாம். அவர்கள் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

செல்போன் ஜாமர் பற்றி ஒரே வரி: அரசின் அனுமதி இல்லாமல் அதை வைப்பது இந்தியாவில் சட்டவிரோதம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக்கூடக் கூப்பிட முடியாமல் போகும்.

நூறு ரூபாய் சென்சாரும் ஒரு நீல நிறப் பெட்டியும்

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் 'சவுண்ட் சென்சார்' என்று கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துத் தருவது கேஒய்-038 என்ற குட்டிப் போர்டு. ஒரு முனையில் உருண்டை மைக், நடுவில் பித்தளைத் திருகு வைத்த நீல நிறப் பெட்டி. நானும் அதைத்தான் வாங்கினேன். சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்து அந்தத் திருகைத் திருகிக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் அரைச் சுற்று போனால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இந்தப் பக்கம் ஒரு மயிரிழை வந்தால் அணைந்துவிடும். பக்கத்தில் கைதட்டினால் எரியும். ஐந்தடி தள்ளி இரண்டு பேர் உரக்கப் பேசினால் ஒன்றும் ஆகாது.

கோளாறு திருகில் இல்லை. அந்தப் போர்டில் இருக்கும் எல்எம்393 சிப் இரண்டு வோல்டேஜ்களை ஒப்பிட்டு 'தாண்டியது', 'தாண்டவில்லை' என்று மட்டும் சொல்லும். மைக்கின் சிக்னலைப் பெருக்கித் தராது. கைதட்டினால் விளக்குப் போடும் பொம்மைக்கு அது போதும். எவ்வளவு சத்தம் என்று அளக்க அதனால் முடியாது.

பெருக்கி உள்ள மைக் போர்டுதான் வாங்க வேண்டும். மேக்ஸ்4466 இருக்கும் போர்டு நல்ல தொடக்கம். 25 மடங்கு முதல் 125 மடங்கு வரை பெருக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். அதன் பக்கத்திலேயே விற்கும் மேக்ஸ்9814 போர்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். குரல் பதிவுக்கு அது அருமையானது. ஆனால் சத்தம் கூடினால் பெருக்கத்தைக் குறைத்து, சத்தம் குறைந்தால் கூட்டி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் தொழில். நாம் அளக்க நினைக்கும் ஏற்ற இறக்கத்தை அது அழித்துவிடும்.

கன்ட்ரோலராக இஎஸ்பி32 போர்டு கையில் இருந்தால் ஐஎன்எம்பி441 என்ற டிஜிட்டல் மைக்கே மேல். இஎஸ்பி32-ன் அனலாக் உள்ளீடு நேர்கோட்டில் அளக்காது என்ற தொல்லையும் அதோடு தீர்ந்துவிடும். மூன்று விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 5 வோல்ட் கொடுக்காதீர்கள், 3.3 போதும். எல்/ஆர் என்று எழுதிய காலை அந்தரத்தில் விடாமல் கிரவுண்டில் இணையுங்கள். அப்புறம், ஒலி நுழையும் துளை சிப் தெரியும் பக்கத்தில் இல்லை, போர்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. சிப்பை வெளியே பார்க்க வைத்து, துளைப் பக்கத்தை டபுள் டேப்பால் டப்பாவோடு ஒட்டிவிட்டு 'மைக் செத்துவிட்டது' என்று தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். தூசி தட்டுகிறேன் என்று அந்தத் துளைக்குள் ஊதவும் வேண்டாம்.

ஒரு வினாடிக்கு ஒரு முறை எட்டிப்பார்த்தால் போதாது

முதல் நிரலில் கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் தவறு இது. மைக்கை ஒருமுறை படிப்பது, ஒரு வினாடி காத்திருப்பது, மறுபடி படிப்பது. வெப்பநிலைக்கு இது சரி. ஒலி ஓர் அலை. வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை மேலும் கீழும் போய் வருவது. நீங்கள் படிக்கும் அந்த நொடித்துளியில் அலை நடுக்கோட்டைக் கடந்துகொண்டிருந்தால், ஒருவர் தொண்டை கிழியக் கத்தினாலும் மீட்டர் அமைதி என்று சொல்லும். ஆர்டுயினோ ஊனோ என்ற கன்ட்ரோலர் போர்டில் அனலாக் உள்ளீட்டை ஒருமுறை படிக்க 0.1 வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. அதனால் 50 மில்லிவினாடி நேரத்துக்கு நிறுத்தாமல் படியுங்கள். கிடைத்தவற்றில் மிக உயர்ந்ததிலிருந்து மிகத் தாழ்ந்ததைக் கழித்தால் அலையின் உயரம் கிடைக்கும். இன்னும் சரியாக வேண்டுமென்றால், முதலில் சராசரியைக் கழித்துவிட்டு, மீதியை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காணுங்கள். மைக்கின் வெளியீடு சும்மா இருக்கும்போதே பூஜ்யத்தில் இல்லாமல் பாதி வோல்டேஜில் நிற்கும். அந்தச் சராசரியைக் கழிக்க மறந்தால் எண்கள் எல்லாமே வீண்.

இந்த எண்ணைச் சத்தத்தின் அலகான டெசிபலுக்கு மாற்றிய பிறகும் ஒரு கவனம் வேண்டும். டெசிபலில் கூட்டல் கழித்தல் வேறு கணக்கு. 60 டெசிபலில் பேசும் இருவர் சேர்ந்தால் 120 ஆகாது, 63 தான். அதேபோல, ஒரு நிமிடத்தில் பாதி நேரம் 50-ம் மீதி நேரம் 70-ம் இருந்தால் சராசரி 60 இல்லை, 67. டெசிபல் எண்களையே கூட்டி வகுத்தால் பேச்சுச் சத்தம் உண்மையில் இருப்பதைவிட மிகக் குறைவாகத் தெரியும். ஆற்றலாக மாற்றிச் சராசரி எடுத்து, அப்புறம் திரும்ப டெசிபலுக்கு வாருங்கள்.

எவ்வளவு நேரத்துக்குச் சராசரி என்பதும் முக்கியம். என் இரண்டாவது விளக்கு நொடிக்கு நொடி மாறியது. தும்மினால் சிவப்பு. டிபன் பாக்ஸ் மூடி கீழே விழுந்தால் சிவப்பு. தும்மியவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! இரண்டே நாளில் யாரும் அந்த விளக்கைப் பார்ப்பதில்லை. இப்போது 20 வினாடிச் சராசரி வைத்திருக்கிறேன். ஒருவர் சிரித்தால் விளக்கு அசையாது. அரட்டை நீண்டால்தான் மாறும். ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் ஒன்றாக இருக்கக் கூடாது. 66-ல் சிவப்பு வந்தால் 62-க்குக் கீழே போன பிறகே மஞ்சளுக்குத் திரும்பட்டும். இல்லாவிட்டால் எல்லைக்கோட்டில் நின்று சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

எல்லையை எங்கிருந்து எடுப்பது

இணையத்தில் தேடினால் 85 டெசிபல் என்ற எண் முதலில் கண்ணில் படும். அது தினம் எட்டு மணி நேரம் கேட்டால் காது கெடக்கூடிய அளவு, பட்டறைத் தொழிலாளர்களுக்கானது. ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 தான். 85-ல் எல்லை வைத்தால் விளக்கு என்றைக்கும் பச்சையாகவே இருக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 என்று இருக்கிறது. அதுவும் அந்தப் பகுதியின் வெளிச் சூழலுக்கான அளவு, உங்கள் கூடத்துக்கானது இல்லை.

சரி, பின்னே எப்படி? விளக்கை எரிய விடாமல் மூன்று நாள் அளவை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கூடத்தில் ஏசி ஓடினால் ஆளில்லாமலே 50-ஐ ஒட்டி நிற்கிறது. அந்த அடிமட்டத்துக்கு மேல் எவ்வளவு கூடினால் வேலை கெடுகிறது என்று கூடத்தில் இருப்பவர்களிடமே கேட்டு எல்லையை வையுங்கள். தாம் சேர்ந்து வைத்த எல்லையை மனிதர்கள் மதிப்பார்கள். அளவு சரியா என்று பார்க்க, ஐபோன் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் இலவசமாகத் தரும் ஒலி அளவு செயலியை இறக்கி, போனை உங்கள் மைக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

ஏசியின் உறுமலும் ஃபேன் சத்தமும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை. மைக் அவற்றை அப்படியே எண்ணும். நம் காது அவ்வளவாக எண்ணாது. காதைப் போல அளக்கும் 'ஏ' எடையிடலில் 100 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து 19 டெசிபல் கழிக்கிறார்கள். அந்த வடிகட்டியை முழுசாக எழுதக் கஷ்டமாக இருந்தால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் எளிய வடிகட்டி போதும், பேச்சு தப்பிக்காது.

மாட்டும் இடம், ஒயர், நம்பிக்கை

மேசைமேல் வைக்காதீர்கள். கீபோர்டு தட்டுவது மேசைப் பலகை வழியாகவே மைக்குக்கு வந்துசேரும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது. காற்று மோதுவதே சத்தமாகப் பதிவாகும். முக்கியமாக, எந்த ஒருவரின் தலைக்கு மேலும் மாட்ட வேண்டாம். தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். பக்கத்தில் இருப்பவர் மெதுவாகப் பேசினாலும் சிவப்பு, தூரத்தில் இருப்பவர் கத்தினாலும் பச்சை என்று ஆகிவிடும். கூடத்தின் நடுச்சுவரில், எல்லோர் கண்ணும் படும் உயரத்தில் மாட்டுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்காக நிறத்தோடு இடமும் மாறட்டும்: பச்சை கீழே, சிவப்பு மேலே.

ஒரு விசித்திரமான கோளாறு என்னை ஒரு வாரம் படுத்தியது. சிவப்பு வந்தால் போகவே இல்லை. கூடத்தில் ஈ எறும்பு இல்லாத இரவிலும் எரிந்தது. காரணம், எல்இடி வளையமும் மைக்கும் ஒரே 5 வோல்ட் ஒயரில் இருந்தன. டபிள்யுஎஸ்2812 எல்இடி ஒன்று சிவப்பை மட்டும் முழு வெளிச்சத்தில் எரித்தாலே 20 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 16 எரிந்தால் 300 மில்லிஆம்பியரைத் தாண்டும். அந்த இழுப்பில் வோல்டேஜ் நடுங்க, நடுக்கத்தை மைக் சத்தம் என்று படிக்க, சிவப்பு சிவப்பையே பிடித்துவைத்துக்கொண்டது. எல்இடிக்கு சார்ஜரிலிருந்தே தனி ஒயர் எடுத்து, மைக்கை 3.3 வோல்ட்டுக்கு மாற்றி, வெளிச்சத்தையும் குறைத்ததும் அடங்கியது.

சுவரில் ஒரு மைக் இருக்கிறது என்றால் 'நாம் பேசுவதைக் கேட்கிறார்களா' என்று யாருக்கும் தோன்றும். அது நியாயமான கேள்வி. பேச்சைச் சேமிக்காதீர்கள், வெளியே அனுப்பாதீர்கள், 'பின்னால் உதவும்' என்றுகூட வேண்டாம். ஒலி போர்டுக்குள்ளேயே எண்ணாக மாறி அழிந்துபோகட்டும். மூடி திறந்து காட்டுங்கள். நிரலைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். யார் எப்போது சத்தம் போட்டார் என்ற பட்டியல் மேலாளருக்குப் போகும் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், அந்த விளக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதைக் கழற்றிவிடுவதே நல்லது.

இன்னொன்றையும் எதிர்பார்க்கக் கூடாது. கவனத்தைக் கெடுப்பது சத்தத்தின் அளவு மட்டுமில்லை. வார்த்தை புரிகிறதா என்பதுதான் பெரிது. திறந்த அலுவலகங்களின் ஒலியை அளக்கும் ஐஎஸ்ஓ 3382-3 தரமும் பேச்சு எவ்வளவு தூரம் வரை தெளிவாகப் புரிகிறது என்பதைக் கணக்கில் எடுக்கிறது. தாழ்ந்த குரலில் ஒருவர் வீட்டு விஷயம் பேசினால் விளக்கு பச்சையாகவே இருக்கும், உங்கள் வேலை நின்றுபோகும். அதற்கு விளக்கு உதவாது. போன் பேசத் தனியாக ஓர் அறையோ, மாடிப்படிப் பக்கம் ஒரு மூலையோ வேண்டும்.

எங்கள் விளக்கு தினமும் நாலு மணி வாக்கில் மஞ்சளுக்கு ஏறியது. அரட்டை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு நாள் பேசாமல் நின்று பார்த்தேன்: டீ வந்ததும் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியை டைல்ஸ் தரையில் இழுத்தார்கள். ஒவ்வொரு காலுக்கும் ஒரு ரப்பர் புஷ், மொத்தம் நாற்பத்தெட்டு வாங்கி மாட்டினோம். இப்போது நாலு மணிக்கும் பச்சையாகவே எரிகிறது.