ரொட்டியிலிருந்து சிறுநீரகம் வரை: உடலில் மக்னீசியம் போகும் வழி

தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் மலைக்கு டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் போடுவதை ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அதில் கல்சியத்தோடு மக்னீசியமும் இருக்கிறது. கொழுந்தின் பச்சையத்துக்கு நடுவில் இருப்பதும் அதே மக்னீசியம்தான். தேயிலைக்குத் தேவைப்படுவது கொழுந்து பறிப்பவருக்கும் தேவை. அது உடலுக்குள் போகும் வழியை ஒரு கொப்பியில் கீறிக்கொண்டே வாருங்கள்.

படி 1: தட்டு
இன்று சாப்பிட்டதை எழுதுங்கள். முழுக்கோதுமை மா 100 கிராமில் ஏறக்குறைய 137 மில்லிகிராம் மக்னீசியம் உண்டு. தவிடு நீக்கிய வெள்ளை மாவில் சுமார் 22தான். வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 310 முதல் 320, ஆணுக்கு 400 முதல் 420 வேண்டும். காலையும் இரவும் வெள்ளை மா ரொட்டியும் சம்பலும் மட்டுமே என்றால் இது எட்டாது. கவ்பி, பயறு, கச்சான், குரக்கன், கீரை ஆகியவற்றில் ஒன்றையாவது சேருங்கள். கீரை அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். மக்னீசியத்தில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும்.

படி 2: குடல்
சாப்பிட்டதில் 30 முதல் 40 சதவீதமே உள்ளே போகும். பெரும்பகுதி சிறுகுடலில், செல்களுக்கு இடையிலுள்ள இடைவெளி வழியாகத் தானாகவே நுழைகிறது. மிச்சத்துக்குச் செல்களிலேயே தனி வாசல்கள் உண்டு. சாப்பாட்டில் குறைந்தால் குடல் உறிஞ்சும் விகிதம் கூடும். பயறு, தானியங்களிலுள்ள பைட்டேட் என்ற இயற்கைப் பொருள் மக்னீசியத்தைப் பிடித்துவைக்கும். பயறை இரவு ஊறவைத்து முளைகட்டினால் அந்தப் பிடி தளரும்.

படி 3: இருப்பு
உடலில் மொத்தம் 25 கிராம் அளவு. பாதிக்கு மேல் எலும்பில், இரத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால் இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் உள்ளே குறைந்திருக்கலாம்.

படி 4: சிறுநீரகம்
இந்தப் படத்தைப் பெரிதாகக் கீறுங்கள், கணக்கைச் சரிபார்ப்பது இங்கேதான். நாளொன்றுக்கு சுமார் 2400 மில்லிகிராம் மக்னீசியம் வடிகட்டப்படுகிறது. அதில் ஏறக்குறைய 95 சதவீதம் திரும்ப இரத்தத்துக்கே வந்துவிடும். வடிகட்டியதில் 60 முதல் 70 சதவீதத்தை, சிறுநீரகத்தின் நுண்குழாய் கொண்டை ஊசிபோல் வளையும் இடமான ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதி மீட்கிறது. அதற்கு அடுத்த சிறு குழாய் மீட்பது 5 முதல் 10 சதவீதம்தான். ஆனால் எவ்வளவு வைப்பது, எவ்வளவு விடுவது என்ற கடைசி முடிவு அங்கேதான். உடலில் குறைந்தால் சிறுநீரில் போவதையும் உடனே சுருக்கிவிடும். சர்க்கரைக்கு இன்சுலின் இருப்பதுபோல் மக்னீசியத்துக்கென்று தனி ஹோர்மோன் தெரியவரவில்லை. எனவே பாரமெல்லாம் சிறுநீரகத்தின் மேல்தான்.

படி 5: ஓட்டைகள்
கட்டுப்படாத நீரிழிவு, மதுப்பழக்கம், சிறுநீர் கூடுதலாகப் போகவைக்கும் சில குளிசைகள் ஆகியவை சிறுநீரில் இழப்பைக் கூட்டும். நெஞ்செரிச்சலுக்கு நெடுங்காலம் ஒமெப்ரசோல் குடித்தால் குடல் உறிஞ்சுவது குறையலாம். இவற்றில் ஏதாவது இருந்தால் கிளினிக் போகும்போது டொக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரக நோயாளிகள் மக்னீசியக் குளிசையையோ, மக்னீசியம் கலந்த மலமிளக்கியையோ கேட்காமல் எடுக்கவே கூடாது. மிஞ்சியதை வெளியேற்ற முடியாமல் அது இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே பாதிக்கும்.