கையில் பச்சையாகத் தெரிவது நரம்பு இல்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் டியூஷன் எடுக்கும் வீட்டு முன்வாசலில், பிள்ளைகளை அழைத்துப்போக வரும் அம்மாக்களும் பாட்டிகளும் மாலையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நான் வெண்பலகையில் நரம்பு மண்டலம் வரைந்துகொண்டிருப்பேன். வெளியே வேறு நரம்புப் பாடம் நடக்கும். ஒருவருக்குக் கெண்டைக்காலில் நரம்பு பிடித்துக்கொண்டது, இன்னொருவருக்குக் கழுத்தில் நரம்பு புரண்டுவிட்டது. போன வாரம் ஒரு பாட்டி புறங்கையை நீட்டி, "நரம்பே கெடைக்கலன்னு மிஸி நாலு தடவ குத்திட்டாங்க டீச்சர்" என்றார்.

அந்த மிஸி, அதாவது நர்ஸ், தேடியது நரம்பை இல்லை, சிரை என்கிற இரத்தக் குழாயை. நரம்பில் ஊசி ஏறியிருந்தால் பாட்டி கட்டிலை விட்டே எழுந்து ஓடியிருப்பார்.

நம் மொழியில் நரம்பு என்ற சொல்லுக்கு வேலை அதிகம். யாழில் கட்டிய தந்தியும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு. கிரேக்க மொழியிலும் 'நியூரான்' என்ற சொல் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும்தான் குறித்ததாம். ஆக, குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். வைத்தியத்திலும் அதே குழப்பம் நுழையும்போதுதான் வம்பு.

கையை மேசைமேல் மல்லாத்தி வையுங்கள். கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒட்டவைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்குங்கள். நடுவில் ஒரு நாண் விடைத்துக்கொண்டு எழும். அது தசைநாண், தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறு. (சிலருக்கு இந்த நாண் பிறவியிலேயே இருக்காது. பயப்பட வேண்டாம், கைக்கு ஒரு குறையும் வராது.) பக்கத்தில் பச்சையாகவோ நீலமாகவோ ஓடுவது சிரை, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். காலில் புடைத்துச் சுருண்டு நிற்பதை 'நரம்பு சுருட்டல்' என்கிறோமே, அதுவும் சிரைதான். நரம்பு வெளியே தெரியாது. வெண்மையான நூல்கட்டு போல, அந்த நாணுக்குச் சற்று அடியில் ஓடுகிறது.

நரம்பு எப்படி இருக்கும் என்று உணர ஆசையா? முழங்கையைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி சுண்டு விரல்வரை ஓடுமே, அதுதான். இடிபட்டது முழங்கை, மின்னுவது சுண்டு விரல். ஏனென்றால் அந்த நரம்பு சுண்டு விரலிலிருந்தும் மோதிர விரலின் பாதியிலிருந்தும் சேதி கொண்டுவருவது. நடுவழியில் அடிபட்டாலும், மூளை அதை விரலில் நடந்ததாகவே படித்துக்கொள்கிறது.

இதை மறந்துவிட்டு, தொல்லை தெரிகிற இடத்தையே போட்டுத் தேய்ப்பதுதான் அடுத்த தவறு. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இருபது வருஷத்துக்கு மேல் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர், இப்போது வீட்டில் தையல். நடுராத்திரியில் கை மரத்துப்போய் எழுந்து உதறுவார். இரத்தம் ஓடவில்லை என்று முடிவு கட்டி, விரல்களில் தைலம் தேய்த்து, மணிக்கட்டை இறுக்கித் துணியால் கட்டிக்கொண்டு படுப்பார். "சுண்டு விரலும் மரத்துப்போகுதாக்கா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அது மட்டும் நல்லாதான் இருக்கு" என்றார்.

அந்த ஒரு விரல் நிறையச் சொல்லிவிடுகிறது. மணிக்கட்டில் எலும்பும் கெட்டியான ஒரு பட்டையும் சேர்ந்த குறுகலான சுரங்கம் உண்டு. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு போகின்றன. வருஷக்கணக்கில் கத்தி பிடித்த கையில் உள்ளே வீக்கம் வந்தால், முதலில் நசுங்குவது நரம்பு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலின் பாதி அதன் பொறுப்பு. சுண்டு விரலுக்கு வருவது முழங்கை வழியாக வரும் மற்ற நரம்பு, அதனால் அது தப்பித்தது. ஏற்கெனவே நசுங்கிய இடத்தில் இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? அக்காவைக் கிளினிக்குக்கு அனுப்பினேன். ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டை ஒன்று கொடுத்தார்கள்.

காலிலும் இதே கதைதான். இடுப்பிலிருந்து கால்வரை போகும் நரம்பு உடம்பிலேயே தடித்தது, ஏறக்குறைய கட்டை விரல் பருமன். செம்பனைக் குலை தூக்கித் தூக்கி முதுகெலும்பு வட்டு பிதுங்கினால், அழுத்துவது முதுகில், வலிப்பது கெண்டைக்காலில். அங்கே நீவி விட்டால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வருவதும் போவதும் தெரியாமல் போனாலோ, தைலத்தை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலி இல்லை என்றால் பழுதும் இல்லை என்று நினைப்பது இதைவிட மோசம். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) நெடுநாள் இருந்தால், உடம்பிலேயே நீளமான நரம்பு இழைகள், அதாவது பாதத்துக்குப் போகிறவை, முதலில் கெடும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து, "இந்த வருஷம் சூடே தெரியல, முருகன் அருள்" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அருளாகவும் இருக்கலாம். இனிப்புநீர் இருப்பவர் என்றால் வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. மரத்த காலை வெந்நீரில் ஊறவைப்பதும் வேண்டாம். சூடு தெரியாத காலுக்கு எது வெதுவெதுப்பு, எது கொதிப்பு?

'நரம்புச் சத்து' மாத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அப்போது பி12 கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பி6-ஐ அளவுக்கு மீறி நெடுநாள் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சத்துதானே என்று இரண்டு மூன்று டப்பாவைச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் பின்பக்கத்து எழுத்தைப் படிக்க வேண்டும்.

பக்கவாதத்தில் நாம் செய்யும் தவறுக்கு விலை அதிகம். வாய் கோணும், ஒரு கை தொங்கும், பேச்சு குழறும். பெரும்பாலும் வலிக்காது. அதனால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்கிறார்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு சேதி பல வருஷமாகச் சுற்றுகிறது. விரலில் கோளாறு இல்லை, மூளையில். அதுவும் எதிர்ப்பக்கத்தில்: வலது கை விழுந்தால் அடிபட்டது இடது மூளை. மூளையின் இரத்தக் குழாய் அடைத்ததா வெடித்ததா என்பது ஸ்கேன் எடுக்காமல் எந்த டாக்டருக்கும் தெரியாது, அதனால் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பதும் தப்பு. விழுங்க முடியுமா என்று தெரியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் தப்பு. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 999-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுகிறது என்பது வெறும் கதை. உடல் எடையில் 2 சதவீதம் இருந்துகொண்டு 20 சதவீதச் சக்தியைத் தின்கிற உறுப்பு சும்மா கிடக்குமா? அப்புறம், முதுகில் ஊசி போட்டால் தண்டுவடம் அறுந்துவிடும் என்ற பயம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. பிரசவ ஆபரேஷனுக்கு முதுகில் போடும் ஊசி அதற்கும் கீழேதான் இறங்கும்.

என் மாணவர்கள் தேர்வில் விடும் தவறு ஒன்றும் பாக்கி. சூடான சட்டியைத் தொட்டதும் 'மூளை கட்டளையிட்டுக் கை விலகுகிறது' என்று எழுதுவார்கள். இல்லை. அந்தக் கட்டளை தண்டுவடத்திலேயே பிறந்துவிடுகிறது. சுட்டது என்று மூளைக்குத் தெரியும்போது கை ஏற்கெனவே பின்னால் வந்திருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா இப்போது ராத்திரியில் அந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்குகிறாராம். நேற்று வாசலில் பாட்டியிடம் அதை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "நரம்பு புரளாம இருக்க குடுத்தாங்க."

நான் உள்ளே போய்விட்டேன்.