கட்டி முடித்த சிசிஜே ஏன் இன்னும் நிற்கிறது?

இங்கிலாந்தில் வீட்டுக் கடனான மோர்கேஜுக்குப் போன இடத்தில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. என்றோ கட்டி முடித்த ஒரு சிசிஜே, அதாவது கட்டாத கடனுக்காக வந்த கவுண்டி கோர்ட் தீர்ப்பு, நம் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் அப்படியே கிடக்கும். "காசு கட்டியாச்சே, பிறகென்ன?" என்று கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் முதலில் போன் எடுக்கிற இடம் பெரும்பாலும் பிழையான இடமாக இருக்கும்.

அந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் கிரெடிட் ஏஜென்சிகளான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்றும் இந்தத் தீர்ப்பைத் தாங்களாக எழுதி வைப்பதில்லை. கோர்ட் சொல்வதை ரெஜிஸ்ட்ரி டிரஸ்ட் என்ற அமைப்பு பொதுப் பதிவேட்டில் ஏற்றுகிறது; அங்கிருந்து இவர்கள் எடுக்கிறார்கள். கோர்ட்டில் மாறாதது ரிப்போர்ட்டில் மாறாது. மூன்று கம்பனிக்கும் மாறி மாறி மெயில் போட்டு மாதங்களைக் கரைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்தது, கட்டினால் அழிந்துவிடும் என்ற நம்பிக்கை. தீர்ப்புத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் கட்டினால் மட்டுமே பதிவு முற்றாக நீங்கும். அதற்குப் பிறகு கட்டினால், கட்டித் தீர்ந்தது என்ற பொருளில் 'சாட்டிஸ்ஃபைட்' என்ற சொல் பக்கத்தில் ஏறும், அவ்வளவுதான். பதிவு 6 வருடம் இருக்கும். அந்த 6 வருடமும் தீர்ப்பு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவது, கட்டிய நாளிலிருந்து அல்ல. நேற்றுக் கட்டியவர் இன்னும் 6 வருடம் காத்திருக்க வேண்டுமோ என்று பயப்படத் தேவையில்லை.

அந்த ஒரு மாதத்தை எண்ணுவதிலும் பலர் சறுக்குகிறார்கள். தீர்ப்பு மார்ச் 10ஆம் தேதி, கடிதம் வீட்டுக்கு வந்தது 16ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். கடிதம் வந்த நாளிலிருந்து எண்ணி ஏப்ரல் 14ஆம் தேதி கட்டினால் பிந்திவிட்டது. கடைசி நாள்வரை இழுக்காமல், காசு அவர்கள் கையில் சேரும் நாளைக் கணக்கில் வைத்து அனுப்புங்கள். அனுப்ப வேண்டியது கோர்ட்டுக்கு அல்ல, வழக்குப் போட்டவருக்கு அல்லது அவருடைய சொலிசிட்டருக்கு. தீர்ப்பில் சேர்த்த வழக்குச் செலவும் வட்டியும் சேர்ந்துதான் முழுத் தொகை. கணக்கில் ஐந்து பவுண்ட் குறைந்தாலும் அது தீர்ந்த கடன் ஆகாது.

காசு கிடைத்ததைக் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டியது வாங்கியவர்தான். ஆனால் அவருக்கு அதில் என்ன அவசரம்? அதனால் கட்டிய கையோடு, "இந்த இலக்க வழக்கில் முழுத் தொகையும் பெற்றோம்" என்று ஒரு கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள். வெறும் ரசீதில் வழக்கு இலக்கம் இருக்காது. அந்தக் கடிதத்தோடு, தீர்ப்புக் கொடுத்த கோர்ட்டுக்கு எழுதி, கடன் தீர்ந்ததற்கான சான்றிதழைக் கேட்கலாம். கடிதம் தரமாட்டோம் என்று இழுத்தடித்தால் வங்கி ஸ்டேட்மெண்டை வைத்துக்கொண்டு, கேட்டும் பதில் இல்லை என்பதையும் சேர்த்துக் கோர்ட்டுக்கு எழுதுங்கள்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். அப்பாவின் பெயர் ஒரு படிவத்தில் முதலிலும் இன்னொன்றில் கடைசியிலும் வரும். வங்கியில் முதலெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர். ஒரே வீட்டில் அப்பா, மகன், மாமா என்று மூன்று பேர் இருந்தால், ஒருவருடைய தீர்ப்பு மற்றவர் ரிப்போர்ட்டில் ஒட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. இது கோர்ட்டின் பிழையல்ல, பொருத்திப் பார்த்த கிரெடிட் ஏஜென்சியின் பிழை. இங்கே மட்டும் நேரே ஏஜென்சியிடம் போவதுதான் சரி. எழுத்தில் முறையிட்டால் 28 நாளுக்குள் பதில் தர வேண்டும். மூன்று ஏஜென்சியின் ரிப்போர்ட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சட்டப்படி தர வேண்டிய அடிப்படை ரிப்போர்ட் இலவசம். மாதக் கட்டணத் திட்டத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பழைய முகவரிக்குக் கடிதம் போய், வழக்கு நடந்ததே தெரியாமல் தீர்ப்பு வந்தவர்களுக்கு வழி வேறு. தீர்ப்பையே ரத்துச் செய்யக் கேட்கும் 'செட் அசைட்' விண்ணப்பம், என் 244 என்ற படிவம். வென்றால் பதிவு முழுவதும் போகும். பதறிப்போய் முதலில் காசைக் கட்டிவிட்டுப் பிறகு இதைக் கேட்பவர், கடனை ஒப்புக்கொண்டவர்போல் நிற்க நேரிடும். தெரிந்தும் மாதக்கணக்கில் சும்மா இருந்தவரிடம் ஏன் தாமதம் என்று கோர்ட் கேட்கும். "நான்தான் கட்டிவிட்டேனே" என்பது மட்டும் ரத்துக்குக் காரணமாகாது. கட்டணமும் 300 பவுண்டுக்கு மேல். முதலில் சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ நேஷனல் டெப்ட்லைனிடமோ கேளுங்கள், இரண்டும் இலவசமாக ஆலோசனை தரும் அமைப்புகள். "சிசிஜேயை அழித்துத் தருகிறோம், முன்பணம் தாருங்கள்" என்று விளம்பரம் போடுபவர்களிடம் போக வேண்டாம். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது; பிழையான பதிவை நீங்களே திருத்தலாம்.

பதிவு சரியாக இருந்தும் அதன் பின்னால் வேலை இழப்பு, நோய் என்று ஒரு கதை இருந்தால், 200 சொல்லுக்குள் விளக்கக் குறிப்பொன்றை ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லும் உரிமை உண்டு. கடன் கொடுப்பவர் அதை ஆள் வைத்து வாசிக்க வேண்டியிருப்பதால் முடிவு கொஞ்சம் தாமதமாகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. தீர்ப்பைத் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்தவரின் ரிப்போர்ட்டில், அதே கடனுக்கு 'டிஃபால்ட்', அதாவது கட்டத் தவறினார், என்று வேறொரு வரியும் இருக்கலாம். அது வழக்குக்கு முன்பே போன் கம்பனியோ வங்கியோ போட்ட பதிவு. அதற்கென்று தனி 6 வருடம், தனித் தேதி. அது பிழையென்றால் கோர்ட்டில் கேட்டுப் பயனில்லை, போட்ட கம்பனியிடம்தான் கேட்க வேண்டும்.