ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 மே மாதம், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தொடர்பான ஒரு வழக்கில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் இதைச் சுற்றறிக்கையாக மாநிலங்களுக்கு அனுப்பியது. அந்த வகுப்புகளில் புத்தகப்பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் அதில் இருந்தது. ஆனாலும் சாயங்காலமானால் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வந்து விழும் வீடுகள் ஏராளம். பள்ளி கொடுக்காவிட்டால் அம்மாவோ அப்பாவோ கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தில் குறையில்லை. வீட்டை இன்னொரு வகுப்பறையாக மாற்றிவிடுவதுதான் சிக்கல்.

முதலில் எழுத்து வேலை. "பத்துத் தடவை எழுது" என்பது நம் வீடுகளில் பழகிப்போன வாக்கியம். ஆறு வயதில் மணிக்கட்டு எலும்புகள் எட்டும் முழுமையாக வளர்ந்திருக்காது, விரல்களுக்கும் வலு போதாது. ஒரு பக்கம் முழுக்க 'இ' எழுதச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு வரி ஒழுங்காக இருக்கும், கடைசி வரிக்கு வரும்போது எழுத்து உருமாறிப் போயிருக்கும். கை வலியோடு தப்பாக எழுதுவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. நிதானமாக நான்கைந்து எழுத்து எழுதினால் போதும், அப்புறம் நிறுத்திவிடலாம். தட்டில் பரப்பிய ரவையிலோ சிலேட்டிலோ பெரிதாக எழுதட்டும். சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, கத்தரிக்கோலால் காகிதம் வெட்டுவது எல்லாம் பென்சில் பிடிக்கும் விரலுக்கான வேலைதான்.

ஆங்கிலத்தில் 'b'யையும் 'd'யையும் மாற்றி எழுதுவது, எண்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போடுவது எல்லாம் ஏழு வயது வரை சாதாரணம். அதற்காகத் திட்ட வேண்டாம், பயப்படவும் வேண்டாம். இடது கையால் எழுதும் குழந்தையை வலது கைக்கு மாற்றும் வேலை அறவே வேண்டாம்.

நேரமாகிவிட்டது என்று பிள்ளையின் கையைப் பிடித்து எழுதுவது, சார்ட் வேலையை அம்மாவே செய்து முடிப்பது போன்றவற்றையும் விட்டுவிடுங்கள். நோட்டில் எல்லாம் சரியாக இருந்தால், குழந்தைக்கு எது தெரியவில்லை என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? தப்போடு போகட்டும். "இதை அவனால் தனியாக எழுத முடியவில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதுதான் ஆசிரியருக்கு உதவி.

வாசிப்பில் வேறொரு ஏமாற்றம் இருக்கிறது. 'அ, ஆ, இ, ஈ' என்று பாட்டாகச் சொல்லும் பிள்ளையைப் பார்த்து, எழுத்தெல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். நடுவில் 'எ'வை மட்டும் காட்டிக் கேட்டால் முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்துதான் கண்டுபிடிக்கும். அது பாட்டை நினைவில் வைத்திருக்கிறது, எழுத்தை இன்னும் அறியவில்லை. வரிசையைக் கலைத்துக் கேளுங்கள். அதுபோலவே 247 எழுத்தையும் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யவைப்பதும் வீண் சுமை. கால், கொம்பு, கொக்கி என்ன ஒலி தருகிறது என்று புரிந்துவிட்டால், 'கா' தெரிந்த பிள்ளை 'மா'வையும் 'பா'வையும் தானே வாசிக்கும். ஆங்கிலத்திலும் இதேதான். "சி ஏ டி கேட்" என்று எழுத்தின் பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்தால், புதுச் சொல் வரும்போது பிள்ளை முழிக்கும். அந்த எழுத்துகளின் ஒலியைச் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது வீட்டில் பேசும் பேச்சு. ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்த கையோடு, வீட்டிலும் ஆங்கிலம்தான் என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அம்மாவுக்கே சரளமாக வராத மொழியில் "கம், ஈட் பண்ணு, ஸ்லீப் பண்ணு" என்று பேச்சு சுருங்கிவிடுகிறது. காரணம் கேட்பது, கதை சொல்வது, வாக்குவாதம் செய்வது எதற்கும் அந்த அரைகுறை மொழி போதாது. பள்ளியில் ஒரு பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பே நிறைய சொற்களும் நீளமான வாக்கியங்களும் காதில் விழுந்திருக்க வேண்டும். அது எந்த மொழியில் விழுந்தாலும் பயன்தான், இன்னொரு மொழி கற்கும்போது கைகொடுக்கும். ஆகவே, உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் தாராளமாகப் பேசுங்கள். சந்தையில் கீரை வாங்கும்போது, பஸ்ஸில் போகும்போது, குழம்பு கொதிக்கும்போது பேசுங்கள். படுக்கும் முன் தினமும் ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் சொல்லுங்கள், பிள்ளை அதில்தான் வாக்கியங்களைப் பிடித்துக்கொள்கிறது. வாசிக்கத் தெரியாத பாட்டி வாய்மொழியாகச் சொல்லும் கதைக்கும் இதே மதிப்பு உண்டு. "நாய் வந்துச்சு" என்று பிள்ளை சொன்னால் குறுக்கிட்டு 'வந்தது' என்று திருத்த வேண்டாம். புத்தகத் தமிழ் வாசிக்க வாசிக்கத் தானே வரும்.

கணக்கில், நூறு வரை ஒப்பிப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்துப் புளியங்கொட்டையை எண்ணி எடுக்கச் சொல்லுங்கள். மூன்றைக் கையில் மறைத்துக்கொண்டு, எத்தனை மறைந்தது என்று கேளுங்கள். இது தெரிந்தால்தான் கூட்டலும் கழித்தலும் புரியும். விரல் விட்டு எண்ணுவதைத் தடுப்பது பெரிய தவறு. இந்த வயதில் விரல்தான் அவர்களுக்கு ஆதாரம், தேவை தீர்ந்ததும் தானே விட்டுவிடுவார்கள். பல்லாங்குழி, தாயம், பரமபதம் மூன்றிலும் எண்ணுவதும் கூட்டுவதும் விளையாட்டோடு நடந்துவிடும்.

பள்ளிவிட்டு வந்ததும் நோட்டைத் திறக்கவைப்பது, ஒன்றாம் வகுப்பிலேயே டியூஷன், இரண்டுமே வேண்டாம். சாப்பிட்டு, ஓடியாடி விளையாடிய பிறகு 15 அல்லது 20 நிமிடம் உட்கார்ந்தால் தாராளம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. வீட்டுப்பாடத்துக்காகப் பத்து மணி வரை விழிக்கவைத்தால் மறுநாள் வகுப்பில் எதுவும் ஏறாது.

"இரு, மிஸ்கிட்ட சொல்றேன்" என்ற மிரட்டல் அந்த நிமிடத்துக்குப் பலிக்கும். ஆனால் சந்தேகம் கேட்க வேண்டிய ஆளைப் பார்த்தே பிள்ளை பயப்பட ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடுவதும் இதே அளவு கெடுதல். தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே, 1 முதல் 3 வரையான வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. ஒரே வகுப்பில் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்று பள்ளியே ஏற்றுக்கொண்ட பிறகு நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

பொறுமையாக இருப்பது வேறு, கவனிக்காமல் விடுவது வேறு. டிவிக்கு மிக அருகில் போய் உட்காருவது, கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்ப்பது, கூப்பிட்டால் இரண்டு மூன்று தடவைக்குப் பிறகே திரும்புவது போன்றவை தெரிந்தால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். 'படிப்பு வரவில்லை' என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்குப் பலகையே சரியாகத் தெரிவதில்லை. கண்ணும் காதும் நன்றாக இருந்து, ஆண்டு இறுதியிலும் பழகிய எழுத்துகளைக்கூட அடையாளம் காணத் திணறினால், ஆசிரியரைச் சந்தித்து, எந்தெந்த எழுத்தில் நிற்கிறது, வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டு, அதே முறையை வீட்டிலும் பின்பற்றுங்கள். அதற்கு மேலும் முன்னேற்றம் இல்லையென்றால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.