ஸ்டென்ட் வைத்த பிறகும் குறட்டையா? இரவைக் கவனிக்கும் முறை

ஆஞ்சியோ முடிந்து மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ காரைக்குடி வீட்டுக்குத் திரும்புகிறவர் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். மாத்திரை, உப்பு, நடை, மறுபடி வர வேண்டிய தேதி எல்லாம் அதில் எழுதியிருக்கும். குறட்டையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். வளவு முழுக்கக் கேட்கிற குறட்டையை 'அசந்து தூங்குறாரு' என்று சொல்லிப் பழகிய ஊர் இது. அந்தக் குறட்டை நடுவில் சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல், பிறகு ஒரு உறுமலோடு மறுபடி தொடங்கினால் அது அசந்த தூக்கம் இல்லை. மூச்சு அடைபட்டுத் திறக்கிறது. ஸ்லீப் அப்னியா என்பது இதைத்தான்.

நெஞ்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி ஒட்டிக்கொள்கிறது. உள்ளே இழுக்க இழுக்க மார்புக்குள் அழுத்தம் குறைந்து இதயத்தின் சுவர் இழுபடுகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் உடம்பை உசுப்புகிறது, அட்ரினலின் பாய்கிறது, பிபி ஒரே தாவாகத் தாவுகிறது. தீவிரமான நோயாளிக்கு இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நடக்கும். ஏற்கெனவே அடிபட்ட இதயம் ராத்திரி முழுக்க ஓய்வில்லாமல் ஏறி இறங்குகிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை ஷாக் கொடுத்துச் சரிசெய்தவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், அப்னியாவுக்குச் சிகிச்சை எடுக்காதவர்களில் 82 சதவீதம் பேருக்கும் சிகிச்சை எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும் அது திரும்பி வந்தது. திடீர் இதய மரணங்களைப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், அப்னியா இருந்தவர்களில் 46 சதவீத மரணங்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிக்குள் நடந்திருந்தன. அப்னியா இல்லாதவர்களில் அது 21 சதவீதம். இந்த நேரக் கணக்கை நினைவில் வையுங்கள், சிகிச்சைக்குப் போடும் மாஸ்க் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

முதல் வேலை: பார்ப்பது, எண்ணுவது

கூடப் படுக்கிற ஆச்சியோ மகனோதான் இதைச் செய்ய முடியும். தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நின்றது தெரியாது. அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஐந்துக்குள் எழுந்து பாருங்கள். கனவுத் தூக்கம் அந்த நேரத்தில்தான் அதிகம், அடைப்பும் அப்போதுதான் மோசம். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொல்லியிருங்கள். மங்கலான விளக்கு போதும். போனை ஒரு செம்பின் மீது சாய்த்து, முகமும் மார்பும் வயிறும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் வைத்து இருபது நிமிடம் வீடியோ எடுங்கள்.

மறுநாள் ஓட்டிப் பார்க்கும்போது பத்து விநாடிக்கு மேல் காற்று நின்ற இடங்களை எண்ணிக் குறியுங்கள். அதோடு இன்னொன்றையும் பாருங்கள். மூச்சு நின்ற நேரத்தில் மார்பும் வயிறும் என்ன செய்கின்றன? மார்பு அமுங்க வயிறு எழும்ப, சீசா பலகை மாதிரி மாறி மாறித் திமிறினால் வழி அடைபட்டிருக்கிறது. இரண்டுமே அசையாமல் கிடந்து, பிறகு மூச்சு மெல்ல மெல்லப் பெரிதாகி, மறுபடி சிறுத்து நின்றால் அது வேறு வகை. மூளையே மூச்சு விடச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பம்ப் பலவீனமான இதயக்காரர்களிடம் இதைப் பார்க்கலாம். இரண்டுக்கும் மருத்துவம் ஒன்றல்ல. அதனால் அந்த வீடியோவை அழிக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். வாயால் சொல்லும் விவரத்தைவிட அது பல மடங்கு உதவும்.

தையல்காரர் டேப்பால் குரல்வளை மட்டத்தில் கழுத்தை அளந்துகொள்ளுங்கள். 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஒரு புள்ளி. ஐம்பது வயதுக்கு மேல், ஆண், பிபி, பகல் அசதி, சத்தக் குறட்டை, மூச்சு நின்றதைப் பார்த்தவர் உண்டு, பிஎம்ஐ (உயரத்தை வைத்துப் பார்க்கும் எடைக் கணக்கு) 35க்கு மேல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எட்டில் மூன்று வந்தாலே பரிசோதனை கேட்கலாம், ஐந்து வந்தால் தள்ளிப்போடக் கூடாது. நம் ஊர்க்காரர்களுக்கு பிஎம்ஐ 35 வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தியர்களுக்கு 25க்கு மேலேயே உடல்பருமன் என்று கணக்கு. ஒல்லியாக இருந்தும் தாடை சிறுத்திருப்பதால் அப்னியா வருகிறவர்கள் உண்டு. நீர்மாத்திரை உட்பட மூன்று பிபி மாத்திரை போட்டும் அளவு இறங்கவில்லையா? குறட்டை இல்லாவிட்டாலும் அப்னியாவைச் சந்தேகியுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டரை எழுப்பி மாட்டிப் பார்த்து '97 இருக்கு, ஒண்ணும் இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். எழுப்பினால் மூச்சு சீராகிவிடும், எண்ணும் ஏறிவிடும். ராத்திரி முழுக்கப் பதிவு செய்கிற கருவியாக இருந்தால்தான் ஏதாவது தெரியும்.

பரிசோதனை

மூக்கில் ஒரு மெல்லிய குழாய், மார்பில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப். இதைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே ஒரு ராத்திரி தூங்கலாம். சாதாரண அடைப்பு வகைக்கு இது போதும். எக்கோவில் பம்பிங் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால், பக்கவாதம் வந்திருந்தால், அல்லது வீடியோவில் அசையாமல் நிற்கிற வகை தெரிந்தால், தூக்க ஆய்வுக்கூடத்தில் போய்ப் படுப்பதுதான் சரி. அறிக்கையில் ஏஹெச்ஐ என்ற எண்ணைத் தேடுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதுதான் அது. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் தீவிரம்.

அட்டாக் வந்த முதல் சில நாட்களில் எடுத்தால் எண் கூடுதலாகக் காட்டக்கூடும். உடம்பு நிலைக்கு வந்த சில வாரங்களில் எடுப்பது நல்லது. பகலில் சாப்பிட்டபடியே கண்ணயர்கிறவர், வண்டி ஓட்டும்போது தலை ஆடுகிறவர் காத்திருக்க வேண்டாம். பரிசோதனை முடியும்வரை வண்டியைத் தொடவும் வேண்டாம்.

மாஸ்க்: இங்கேதான் எல்லாம் கெடுகிறது

சிபாப் இயந்திரம் மாஸ்க் வழியாகக் காற்றை ஒரு சீரான அழுத்தத்தில் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இதய நோயாளிகளுக்கு சிபாப் கொடுத்து, மறு அட்டாக் குறைகிறதா என்று பார்த்த பெரிய ஆய்வுகள் ஏமாற்றத்தில்தான் முடிந்தன. 2016இல் வெளிவந்த ஆய்வில் 2,717 பேர் இருந்தார்கள், பலன் தெரியவில்லை. அவர்கள் மாஸ்க் போட்டது ராத்திரிக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். 2023இல் மூன்று ஆய்வுகளின் 4,186 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ போட்டவர்களுக்கு இதய, மூளைப் பாதிப்பு மறுபடி வரும் அபாயம் சுமார் 31 சதவீதம் குறைவாக இருந்தது. ஒழுங்காக மாஸ்க் போடுகிறவர் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுவார் என்பதையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும். ஆகவே சிபாப் வந்துவிட்டது என்று ஆஸ்பிரினையோ ஸ்டாட்டினையோ நிறுத்தாதீர்கள். அதே சமயம் மூன்று மணி நேரம் போட்டுவிட்டுப் பலன் இல்லை என்று மூலையில் வைக்கவும் வேண்டாம்.

நான்கு மணி என்பதும் கணக்குக்காக வைத்த எல்லைதான். பத்து மணிக்குப் போட்டு, இரண்டு மணிக்குப் பாத்ரூம் போனவர் திரும்பி வந்து அப்படியே படுத்துவிடுகிறார். நான்கு மணி ஆயிற்று, கணக்கு சரி. ஆனால் அடைப்பு மோசமாகிற அதிகாலை முழுக்க மாஸ்க் இல்லை. எழுந்தால் குழாயை மட்டும் கழற்றுங்கள், மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும்.

மாட்டும் முறை இது. முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். எண்ணெய்க் குளியல் எடுத்த நாளில் இரண்டு தடவை கழுவுங்கள், சிலிக்கோன் வழுக்குவது பெரும்பாலும் எண்ணெயால்தான். நெற்றித் திண்டு உள்ள மாஸ்க் என்றால் படுக்கும் முன் திருநீற்றைத் துடைத்துவிடுங்கள். பல்செட் கழற்றித் தூங்குகிறவர் கழற்றிய பிறகே அளவு பார்க்க வேண்டும், முகவெட்டே மாறிவிடும். பட்டைகளைத் தளர்த்தி மாட்டி, படுத்து, இயந்திரத்தை ஓடவிடுங்கள். காற்று வரும்போது மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை முன்னே இழுத்து மெல்ல விடுங்கள். மெத்தை உப்பித் தானாகப் பொருந்தும். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பட்டைக்குக் கீழே ஒரு விரல் நுழைய வேண்டும். காற்று கசிகிறதென்று மேலும் மேலும் இறுக்குவதுதான் வழக்கமான தவறு. இறுக்கினால் மெத்தை மடங்கிக் கசிவு கூடும், மூக்குத்தண்டு புண்ணாகும். தாடி, பெரிய மீசை உள்ளவருக்கு மூக்குத் துளையில் பொருந்துகிற வகை எளிது. வாய் உலர்ந்து எழுந்தால் வாய்வழியாகக் காற்று போகிறது. மூக்கடைப்பைக் கவனித்து, பிறகும் சரியாகாவிட்டால் வாயையும் மூடுகிற வகைக்கு மாறுங்கள்.

முதல் நாளே ராத்திரி முழுக்க என்று கிளம்பாதீர்கள். மூன்று நான்கு நாள் மாலையில் டிவி பார்த்தபடி அரை மணி, பிறகு மதியத் தூக்கத்துக்கு, அப்புறம் ராத்திரிக்கு.

ஈரப்பதத் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர்தான். சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியில் காரைக்குடிக்காரர்களுக்கு எவ்வளவு பெருமை இருந்தாலும் தொட்டிக்கு அது வேண்டாம், உப்புப் படியும். காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிக் காயவையுங்கள். இயந்திரத்தைத் தூக்கி நகர்த்தும் முன் தொட்டியைக் கழற்றிவிடுங்கள், தண்ணீர் மோட்டாருக்குள் போனால் இயந்திரம் போச்சு. மாஸ்க் மெத்தையைத் தினமும், குழாயை வாரம் ஒருமுறை மிதமான சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். முற்றத்து வெயிலில் காயப்போட வேண்டாம், சிலிக்கோன் வீணாகிவிடும், நிழலில் போடுங்கள்.

பட்டாலையில் ஆத்தங்குடிக் கல்மேல் பாய் விரித்துப் படுக்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இயந்திரம் ஸ்டூலில், தலை தரையில் என்றால் குழாயில் சேர்ந்த நீர் நேரே மூக்குக்கு இறங்கும். தலையைவிட இயந்திரம் தாழ இருக்க வேண்டும். கட்டிலுக்கு மாறுங்கள், அல்லது கனமான மெத்தை போட்டு இயந்திரத்தை ஒரு தாம்பாளத்தில் தரையில் வையுங்கள். காற்று இழுக்கும் பக்கம் சுவரை ஒட்டக் கூடாது. வீட்டைத் தூசி தட்டும் நாளில் துணி போட்டு மூடிவையுங்கள். பில்டரை வாரம் ஒருமுறை பாருங்கள்.

கரண்ட் போனால்? ஈரப்பதத் தொட்டியின் ஹீட்டர் இல்லாமல் ஓடினால் சுமார் 40 வாட், எட்டு மணிக்கு 320 வாட்-அவர். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். சைன்வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். கரண்ட் போன நேரத்தில் ஹீட்டரை அணையுங்கள்.

வாங்கும் முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ உறவினர் அனுப்பிய பழைய இயந்திரத்தை அப்படியே மாட்டாதீர்கள். அதில் இருப்பது அவருக்கு வைத்த அழுத்தம். அதோடு 2021இல் ஒரு நிறுவனம், உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு சிதைவதால் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. மாடல் எண்ணைச் சரிபார்க்காமல் தொட வேண்டாம். பம்ப் பலவீனமானவர்கள் ஏஎஸ்வி என்ற, மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை இயந்திரத்தை இதய டாக்டரைக் கேட்காமல் வாங்கவே கூடாது. 45 சதவீதமோ அதற்குக் கீழோ பம்பிங் இருந்து, மூளைவழி அப்னியா உள்ளவர்களுக்கு அது இதய மரணத்தைக் கூட்டியதாக 2015இல் தெரியவந்தது. ஆக்ஸிஜன் சிலிண்டர் மட்டும் வைத்துக்கொள்வதும் சிகிச்சை ஆகாது. தொண்டை அடைபட்டபடியேதான் இருக்கும்.

மாஸ்க்குக்கு வெளியே

எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஏஹெச்ஐ கால் பங்குக்கு மேல் இறங்குவதாகக் கணக்கு. உப்பும் இதில் சேரும். பகலில் கால்களில் தேங்கும் நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை நெருக்குகிறது. உப்புக்கண்டம், மோர்மிளகாய், ஊறுகாய் மூன்றும் ஒரே இலையில் வேண்டாம். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். படுப்பதற்கு மூன்று மணி முன்பே சாப்பிட்டு முடியுங்கள். மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், தூக்க மாத்திரையும் அப்படித்தான். ஆல்பிரசோலம் பல வருடமாகப் போடுகிறவர் திடீரென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்படி குறைக்க வேண்டும்.

ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு உதவும். பனியனின் முதுகில் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்து வைத்தால் மல்லாக்கத் திரும்ப முடியாது. பைபாஸ் ஆனவர்கள் மார்பெலும்பு கூடும்வரை இதைச் செய்ய வேண்டாம், தலைப்பக்கத்தை உயர்த்திப் படுத்தால் போதும். தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகு கிளம்பட்டும். மண்டபத் தரையில் கரண்ட் கிடைக்காது, பேட்டரியில் ஓடும் சிறு இயந்திரம் இல்லாவிட்டால் அந்த ராத்திரிகளில் தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுப்பதுதான் வழி.

வாரம் ஒருமுறை இயந்திரத் திரையில் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: எத்தனை மணி நேரம், கசிவு எவ்வளவு, மிச்ச ஏஹெச்ஐ எவ்வளவு. கடைசி எண் 5க்குக் கீழே இருக்க வேண்டும். அதில் சென்ட்ரல் (மூளைவழி அப்னியா) என்று தனியாகக் காட்டும் பகுதி ஏறிக்கொண்டே போனால் அழுத்தத்தை நீங்களே மாற்றாமல் டாக்டரிடம் போங்கள். கூடவே காலையில் எழுந்ததும் எடுத்த பிபியையும் எழுதுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிறவரிடமும் அந்தக் குறிப்பைக் காட்டலாம். சிபாப்பால் பிபி சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான் இறங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நடுராத்திரியில் நெஞ்சுவலி, தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை வந்தால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு 108ஐ அழையுங்கள். அவரை வண்டி ஓட்டவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தால்தான் ஆறுகிறது, இரண்டு நாளில் இரண்டு கிலோ எடை கூடியிருக்கிறது, கால் வீங்குகிறது என்றால் இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் தேங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு உட்காராமல் அன்றே இதய டாக்டரைப் பாருங்கள்.