எஸ்.எம்.பி.எஸ் வாங்கக் கிளம்பும் முன் மூடியைக் கழற்றுங்கள்

அக்கா பொண்ணு படிப்புக்காக வாங்கிய செகண்ட்ஹேண்ட் டெஸ்க்டாப் அது, ஏதோ ஆபீஸில் சில வருஷம் ஓடிவிட்டு வெளியே வந்த பிராண்டட் மெஷின். ஒரு நாள் சாயங்காலம் பவர் பட்டனை அழுத்தினால் மூச்சே இல்லை. உள்ளே இருக்கும் பவர் சப்ளைதான் (வீட்டுக் கரண்டை மெஷினுக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி, எஸ்.எம்.பி.எஸ் என்பதும் அதுதான்) போயிருக்கும் என்று நானே முடிவு கட்டி, நேராகக் கடைக்குப் போய் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, அதற்கப்புறம்தான் சைடு மூடியைக் கழற்றினேன். என் கையில் 24 பின் கனெக்டர். மதர்போர்டில் இருந்தது 8 பின். கடைக்காரர் பிரித்த பாக்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார், அவர் மேல் தப்பும் இல்லை.

அதனால் சொல்கிறேன், இந்த வேலையில் ஸ்க்ரூடிரைவர் பிடிப்பது அரை மணி நேரம்தான், சரியான சப்ளை எது என்று கண்டுபிடிப்பதுதான் மீதி எல்லாம்.

முதலில் போனது சப்ளைதானா என்று பாருங்கள். பவர் கார்டை மாற்றிப் பாருங்கள், வேறு பிளக்கில் செருகிப் பாருங்கள், பின்பக்கம் சின்ன ஆன்-ஆஃப் ஸ்விட்ச் இருந்தால் துடைக்கும்போது யாராவது தட்டிவிட்டிருப்பார்களா என்றும் பாருங்கள் (சிரிக்காதீர்கள், நடக்கும்). டெல் ஆப்டிபிளெக்ஸ் மாதிரி பல மாடல்களில் சப்ளையின் பின்னாலேயே ஒரு குட்டி பட்டனும் விளக்கும் உண்டு. அழுத்தினால் பச்சை எரிந்தால் சப்ளைக்கு உயிர் இருக்கிறது, பிரச்சினை வேறு எங்காவது இருக்கலாம். சாதாரண 24 பின் சப்ளை என்றால் ஜெம் கிளிப் டெஸ்ட் செய்யலாம்: எல்லாக் கனெக்டரையும் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, பவர் கார்டும் செருகாத நிலையில், பெரிய கனெக்டரில் பச்சை வயர் குழியையும் பக்கத்தில் இருக்கும் கறுப்பு வயர் குழியையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்து, அப்புறம் கரண்ட் கொடுங்கள். ஃபேன் சுற்றினால் குறைந்தபட்சம் ஆன் ஆகிறது என்று அர்த்தம், லோடு தாங்குமா என்பது வேறு கதை. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் வயரில் 11.4-லிருந்து 12.6 வோல்ட்டுக்குள்ளும், சிவப்பில் 4.75-லிருந்து 5.25-க்குள்ளும் காட்ட வேண்டும். பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு தடவை துள்ளிவிட்டு நின்றால் எங்கேயோ ஷார்ட். ஹார்ட் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முறை முயற்சி செய்துவிட்டு அப்புறம் சப்ளை மேல் பழி போடுங்கள்.

சப்ளைதான் போயிருக்கிறது என்றால், அதைக் கழற்றுங்கள், ஆனால் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும்.

இப்போது போர்டைப் பாருங்கள். இன்டெல் 1995-ல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் அளவுப்படி செய்த சப்ளை என்றால் கடையில் கிடைக்கும் எதையும் போடலாம். பிராண்டட் மெஷின்கள் பலதும் அந்த வழியில் போகாது. டெல்லின் 3020, 7020, 9020 மாடல்களில் மெயின் கனெக்டர் 8 பின், அப்புறம் வந்தவற்றில் 6 பின்னும் உண்டு. ஹெச்.பி. ஆபீஸ் மாடல்களில் 6 பின் பார்க்கலாம், லெனோவோவில் 14 அல்லது 10 பின். இந்த மாதிரி போர்டுகள் சப்ளையிடம் பெரும்பாலும் 12 வோல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு 5-ஐயும் 3.3-ஐயும் தானே தயாரித்துக்கொள்ளும், அதனால்தான் ஹார்ட் டிஸ்குக்குப் போகும் கரண்ட் வயர்கூட சப்ளையிலிருந்து வராமல் போர்டிலிருந்து கிளம்பியிருக்கும். பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்றும் நம்பிவிடக் கூடாது: 1990-களின் கடைசியில் வந்த சில டெல் மெஷின்களில் கனெக்டர் அச்சு அசலாக ஏ.டி.எக்ஸ் மாதிரியே இருக்கும், உள்ளே வயர் வரிசை வேறு. சாதாரண சப்ளையைச் செருகினால் போர்டு போச்சு.

உங்களுடையது இந்த ரகம் என்றால் இரண்டு வழி. பழைய சப்ளையின் ஸ்டிக்கரில் பார்ட் நம்பர் இருக்கும், அதை அப்படியே போட்டுத் தேடினால் கழற்றியெடுத்த ஒரிஜினல் சப்ளைகள் கிடைக்கும். கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் போடப் போவதில்லை என்றால் இதுதான் வம்பில்லாத வழி. இன்னொன்று 24 பின்னிலிருந்து 8-க்கோ 6-க்கோ மாற்றும் அடாப்டர் கேபிள். அதை உங்கள் மாடல் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும், பின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது, ஏனென்றால் சில போர்டுகள் ஸ்டாண்ட்பையில் (மெஷின் ஆஃபாக இருக்கும்போதும் வந்துகொண்டிருக்கும் கரண்ட்) 5 வோல்ட்டுக்குப் பதில் 12 எதிர்பார்க்கும், அதற்கான அடாப்டரில் வோல்ட்டை ஏற்றித் தரும் குட்டி சர்க்யூட்டும் சேர்ந்திருக்கும். நான் கடைசியில் அடாப்டர்தான் வாங்கினேன், 450 வாட்டை வாங்கித் தொலைத்தாயிற்றே.

சைஸும் பாருங்கள். ஏ.டி.எக்ஸ் சப்ளை 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம், நீளம் பொதுவாக 140-லிருந்து மேலே. ஒல்லியான கேபினட்டில் 85 அகலமும் 65 உயரமும் உள்ள டி.எஃப்.எக்ஸ் என்ற ஒல்லி வகை சப்ளை இருக்கலாம், அல்லது அந்தக் கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒரு வடிவம் இருக்கலாம். ஸ்கேலை வைத்து அளந்து, பின்பக்கத்து நாலு ஸ்க்ரூ ஓட்டைகளையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

வாட் விஷயத்தில் பாக்ஸ் மேல் இருக்கும் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 32 ஆம்பியர் என்றால் 384 வாட், நியாயமான சரக்கு. 450 வாட் என்று பெரிதாக அச்சடித்துவிட்டு 12 வோல்ட்டில் 16 ஆம்பியர்தான் போட்டிருந்தால் உண்மையில் 192 வாட், அதைக் கையில் தூக்கிப் பார்த்தாலே காலி டப்பா மாதிரி இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் மெஷினுக்கு 300 வாட் நல்ல சப்ளை தாராளம். கார்டு போடுவதென்றால், போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும், 6 பின் வயர் இன்னொரு 75, 8 பின் வயர் 150, உங்கள் கார்டு எது கேட்கிறதோ அந்த வயர் சப்ளையில் இருக்கிறதா என்று வாங்கும்போதே எண்ணிவிடுங்கள்.

சரி, மாற்றுவோம். ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடியுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கனெக்டரில் இருக்கும் கொக்கியை நகத்தால் அழுத்திக்கொண்டு லேசாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. 24 பின் அடம்பிடிக்கும், இன்னொரு கையால் போர்டைத் தாங்கிக்கொள்ளுங்கள். பிராசஸருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு 4 பின் இருக்கும், அதை மறந்துவிட்டு சப்ளையைத் தூக்கினால் போர்டும் சேர்ந்து எழுந்துவரும். பின்னால் நாலு ஸ்க்ரூவையும் கழற்றிய பிறகும் சப்ளை அசையாவிட்டால் முறைக்காதீர்கள், அடியில் ஒரு தகட்டுக் கொக்கி இருக்கும், அதை அழுத்திக்கொண்டு சப்ளையைக் கேபினட்டின் முன்பக்கமாகத் தள்ளினால் கழன்று வரும்.

புதியதை வைக்கும்போது ஃபேன், காற்று வர வழியில்லாத தகட்டைப் பார்த்து இருக்கக் கூடாது. மாடுலர் சப்ளை (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) என்றால் கூட வந்த கேபிளை மட்டும் போடுங்கள், வேறு பிராண்டு கேபிள் அழகாகச் செருகிக்கொள்ளும், ஆனால் வயர் வரிசை மாறியிருந்தால் எஸ்.எஸ்.டி. கருகிவிடும். பிராசஸர் வயரும் கிராஃபிக்ஸ் கார்டு வயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், 12 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டிலும் பக்கம் மாறியிருக்கும். பலம் கொடுத்துத் திணிக்க வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு எழுத்தைப் படியுங்கள். பழைய மாடல் சப்ளையில் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் நம் ஊரில் 230-ல்தான் இருக்க வேண்டும், 115-ல் வைத்துப் போட்டால் டப்பென்று சத்தம் வரும், அதோடு சரி.

மூடியைப் போடாமலேயே ஆன் செய்து பாருங்கள். எந்த வயரும் ஃபேனில் உரசவில்லை, விண்டோஸ் வருகிறது என்றால் மூடிவிடலாம்.

அப்புறம் இரண்டு விஷயத்துக்காகப் புது சப்ளையைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஒன்று, ஏ.பி.எஃப்.சி. (ஆக்டிவ் பவர் ஃபேக்டர் கரெக்ஷன், மெயின் கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல சப்ளை போட்ட பிறகு, கரண்ட் போகும்போது யு.பி.எஸ் இருந்தும் மெஷின் ஆஃப் ஆவது. விலை குறைந்த யு.பி.எஸ் தரும் சதுர அலை சில சப்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. இன்னொன்று, கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது. டெஸ்டர் வைத்தால் லேசாக எரியவும் செய்யும். பெரும்பாலும் சுவர் பிளக்கில் எர்த் வந்திருக்காது, அல்லது யாரோ இரண்டு பின் அடாப்டர் மாட்டியிருப்பார்கள். சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் எர்த் வழியாகக் கழிக்க வேண்டிய கசிவு கேபினட்டிலேயே நிற்கிறது. அக்கா வீட்டிலும் அதுதான், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக்குக்கு எர்த் இழுத்த பிறகு நின்றது.